கொடும்பாவிக்கு வைத்த முகம்

கயிறு தரையில் கிடந்தது. அதைச் சுற்றி இருபது முப்பது பெண்கள் நின்றார்கள். ஒருத்திகூடக் குனிந்து எடுக்கவில்லை.

“இழுங்கடி! இன்னாத்துக்கு அப்படியே நின்னுக்கினு இருக்கீங்க? வெயிலு ஏறுது பாரு!” என்று நாட்டாமைக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்.

தென்னை ஓலைப் படுக்கையில் வைக்கோலால் கட்டிய ஆள் ஒருவன் மல்லாந்து கிடந்தான். கால் வைக்கோல், கை வைக்கோல். இடுப்பில் யாரோ கொடுத்த பழைய வேட்டி. தலை மட்டும் களிமண். அந்தத் தலையைச் செய்தவன் நான்.

காலை எட்டு மணிக்கே புழுதி காலைச் சுட்டது. புளியமரத்து நிழலில் ஊர் ஆண்கள் குந்தியிருந்தார்கள். பறை அடிக்க வந்தவர்கள் அடிக்காமல் நின்றார்கள். எங்கோ ஒரு மாடு கத்தியது.

பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மழை பொய்த்தால் எங்கள் பக்கத்தில் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். ஊரில் யாரோ ஒரு மகாபாவி இருப்பதால்தான் வானம் பெய்யவில்லை என்பது நம்பிக்கை. அந்தப் பாவி யார் என்று தெரியாது. தெரிந்தாலும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஆகவே வைக்கோலில் ஒரு பாவியைக் கட்டி, பிணமாகத் தெருத்தெருவாக இழுத்து, மூலைக்கு மூலை நிறுத்தி மாரடித்து ஒப்பாரி வைத்து, விளக்குமாற்றால் நாலு சாத்து சாத்தி, கடைசியில் ஏரிக்கரையில் கொள்ளி வைத்துவிடுவார்கள். பாவி ஒழிந்தான், இனி மழை வரும். சில ஊரில் பாவி பெண். இந்த ஊரில் ஆண்.

அந்தப் பெண்கள் கயிற்றைத் தொடாமல் நின்றபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ‘முகம் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது, அடிக்க மனசு வரவில்லை’ என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு கடிதம்

போன வாரம் என் பள்ளிக்கூடத்து நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, விழுப்புரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். நல்ல பிள்ளை, கையெழுத்து மணிமணியாக இருக்கிறது. கலையின் நோக்கம் என்ன, கலைஞன் யாருக்காகப் படைக்கிறான், அனுபவஸ்தரான தாங்கள் விளக்க வேண்டும் என்கிறார்.

தம்பி, எனக்கு முட்டி வலிக்கிறது. வலது கண்ணில் புரை. இந்த வயதில் வந்து கலையின் நோக்கத்தைக் கேட்டால் நான் எங்கே போவேன்? வாலிபத்தில் கேட்டிருந்தால் மூன்று மணி நேரம் பேசியிருப்பேன். அப்போது எல்லாம் தெரியும். இப்போது தெரிந்தது ஒரே ஒரு சம்பவம்தான். அதைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்ள முடிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

கத்திரிக்காய் வாத்தியார்

திண்டிவனத்தில் ஒரு ஹைஸ்கூலில் நான் டிராயிங் மாஸ்டர். சென்னைக்குப் போய் சித்திரம் படித்துவிட்டு வந்தவன். ஜிப்பா, நீண்ட கிராப்பு எல்லாம் உண்டு. பெரிய ஓவியனாகப் போகிறேன், திண்டிவனம் இரண்டு வருஷத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஓய்வு பெற்றதும் அங்கேதான்.

டிராயிங் பீரியடு என்றால் பையன்களுக்கு இளைப்பாறுகிற பீரியடு. கணக்கு வாத்தியார் பாடம் முடிக்கவில்லை என்றால் என் பீரியடைத்தான் பிடுங்கிக்கொள்வார். நான் மேஜைமேல் ஒரு கத்திரிக்காயை வைப்பேன். எல்லோரும் அதை வரைவார்கள். அடுத்த வாரம் குடை. அதற்கடுத்த வாரம் குடம். மறுபடி கத்திரிக்காய். ஊரில் எனக்குக் கத்திரிக்காய் வாத்தியார் என்றே பெயர் விழுந்துவிட்டது. வரைந்து முடித்த கத்திரிக்காயை நான் வீட்டுக்கு எடுத்துப் போய்க் குழம்பு வைப்பதாகவும் பேச்சு. அது உண்மைதான். வீணாக்குவானேன்?

ஒருமுறை பரிசோதனைக்கு வந்த அதிகாரி, பையன்கள் வரைந்ததைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதனால என்ன சார் பிரயோஜனம்?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஹெட்மாஸ்டர் முந்திக்கொண்டு, “கையெழுத்து நல்லா வரும் சார்” என்றார். அதிகாரிக்குத் திருப்தி.

இப்படி இருந்தவனிடம்தான் ஒரு சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூன் கன்னியப்பன் வந்து தலையைச் சொறிந்தான்.

சட்டி போதும் என்றான்

கன்னியப்பனுக்கு ஊர் ஓமந்தூருக்கு அந்தப் பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

“சார், ரெண்டு வருசமா மழ இல்ல. மல்லாட்ட எல்லாம் கருகிப் போச்சு. கேப்ப கூட தலையெடுக்கல. நாளிக்கி கொடும்பாவி இழுக்கறாங்க. மூஞ்சி எழுதற ஆளு பெங்களூருக்குப் பொழைக்கப் போய்ட்டான். நீங்க வந்து ஒரு சட்டில கண்ணு மூக்கு எழுதிக் குடுத்தீங்கன்னா ஜல்தியா முடிஞ்சிடும்” என்றான்.

“சட்டியிலா?”

“ஆமா சார். ஓட்டச் சட்டி. சுண்ணாம்பால ரெண்டு கண்ணு, கரியால ஒரு மீச. அவ்ளோதான்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சித்திரம் படித்தவனை ஓட்டைச் சட்டியில் சுண்ணாம்பு தடவக் கூப்பிடுகிறான்! ஆனால் இன்னொரு பக்கம் ஆசையும் வந்தது. ஆசை யாரை விட்டது? ஓர் ஊர் முழுக்க என் கைவேலையைப் பார்க்கப் போகிறது. சென்னையில் ஒரு கண்காட்சியில் என் படம் ஒன்று பத்து நாள் தொங்கியது. அதன் எதிரே ஒருவர் ரொம்ப நேரம் நின்றார். கிட்டப் போய்ப் பார்த்தால் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு என் வேலையை யாரும் நின்று பார்த்ததில்லை.

“சட்டி எல்லாம் வேண்டாம். ஏரிக் களிமண் கொண்டுவரச் சொல்லு” என்றேன்.

“எரிக்கப் போறதுதானே சார்?” என்றான் கன்னியப்பன்.

“நீ சொன்னதைச் செய்” என்றேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். என்னைக் குரங்கு பிடிக்கத்தான் கூப்பிட்டார்கள். நான் பிள்ளையார் பிடித்தேன். அதுதான் வினையாயிற்று.

அன்று மத்தியானம் முழுக்க அம்மன் கோயில் பக்கத்தில் உட்கார்ந்து தலையைச் செய்தேன். களிமண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டுப் பிசைந்தேன். நெற்றி, கன்னத்து எலும்பு, மூக்கு, உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. ஊர் ஆண்கள் வந்து வந்து பார்த்தார்கள். “அடேங்கப்பா, மூக்கும் முழியுமா உசுரோட இருக்குதே!” என்றார் ஒருவர். நாட்டாமைக்காரரே குனிந்து பார்த்து, “பேசற மாதிரி கீதுய்யா” என்றார். நான் குளிர்ந்து போனேன். தலையின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டுக் கன்னியப்பன் வீட்டில் கூழ் குடித்துப் படுத்தேன். அன்றைக்குப் போல் நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

ஜங்ஷனில் பார்த்தவன்

அந்த முகம் என் கற்பனை இல்லை. அதை இப்போது சொல்லிவிட வேண்டும்.

என் அம்மா விழுப்புரத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கப் போவேன். திரும்பும்போது ஜங்ஷனில் வண்டிக்குக் காத்திருக்கிற நேரத்தில் நோட்டை எடுத்து ஆட்களை வரைவேன். கத்திரிக்காய் இல்லாமல் நான் வரைந்தது அங்கேதான். மூட்டைமேல் தூங்குகிறவர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்கள், கூலிக்காரர்கள். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்த காலம். ஒரு நாள் பட்டாளத்துக்குப் புதிதாக எடுத்த ஆட்களின் கூட்டம் ஒன்று காட்பாடி வண்டிக்காகப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தது. அதில் ஒருவன் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துத் தின்றுகொண்டிருந்தான். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசு இருக்கும். பெரிய மூக்கு. தானாகவே எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எல்லோரும் முகம் தொங்கி உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் அவன் ஒருவன்தான் கல்யாணத்துக்குப் போகிறவன் போல இருந்தான். நான் பத்து நிமிஷத்தில் வரைந்தேன். அதைப்போல் ஒரு படம் அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அவன் கவனித்துவிட்டான். எழுந்து வந்து எட்டிப் பார்த்தான்.

“இன்னா சார், என்னையா எழுதிக்கினு இருக்கீங்க? ஐயோ, எம் மூக்கு இம்மாம் பெருசா?” என்று சிரித்தான். பிறகு கொஞ்சம் தயங்கி, “சார், இத்த எங்க ஊட்டுக்கு அனுப்ப முடியுமா? அது மாசமா இருக்குது. நான் போறப்ப அழுதுக்கினே இருந்துச்சி. விலாசம் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?” என்றான்.

நான் எழுதிக்கொள்ளவில்லை.

“இன்னும் முடியலப்பா, வீட்டுக்குப் போய்ச் சரி பண்ணணும், நீ லீவில் வரும்போது தருகிறேன்” என்று ஏதோ சொன்னேன். பொய். படம் முடிந்திருந்தது. நன்றாக வந்திருந்தது. அதனால்தான் கொடுக்க மனசு வரவில்லை. அவன் ஒரு கை மல்லாட்டையை என் நோட்டின்மேல் வைத்துவிட்டுப் போனான். வண்டி வந்தது. பெயர்கூட நான் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் களிமண்ணில் கை வைத்தபோது, மனசில் தயாராக இருந்த முகம் அது ஒன்றுதான். அவன் எந்த ஊர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எந்த ஏழுமலை?

இப்போது கயிற்றுக்குத் திரும்புவோம்.

அங்கே கொடும்பாவியைக் கட்டச் சொல்வது ஊர்த் தெரு. இழுப்பதும் ஒப்பாரி வைப்பதும் சேரிப் பெண்கள். ஊர்க்காரர்களின் பாவத்துக்கும் இவர்கள்தான் நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அந்தப் பெண்கள் காலையில்தான் வந்தார்கள். சாக்கை எடுத்ததும் விளக்குமாற்றோடு முன்னால் வந்த வயதான அம்மாள் ஒருத்தி அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாட்டாமைக்காரர் மூன்றாவது தடவை கத்தியபோது அந்த அம்மாள் சொன்னாள்: “இழுக்க முடியாது ஐயா. இது நம்ம ஏழுமலை.”

“எந்த ஏழுமலை?”

“உங்க கழனியில பத்து வருசமா ஏர் ஓட்டினானே ஐயா, பட்டாளத்துக்குப் போனானே, அந்த ஏழுமலை.”

நாட்டாமைக்காரர் முந்தின நாள் பார்த்த முகத்தை மறுபடி குனிந்து பார்த்தார். “அவனா இது?” என்றார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. கன்னியப்பனுக்கும் தெரியவில்லை. ஊரில் ஓர் ஆணுக்கும் தெரியவில்லை. பின்னால் நான் கன்னியப்பனைக் கேட்டேன், உங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனை எப்படியப்பா அடையாளம் தெரியாமல் போயிற்று என்று. “அந்தப் பக்கத்து ஆளுங்க மூஞ்சிய யாரு சார் நின்னு பாத்தா?” என்றான்.

உயிரோடு இருக்கிறவனைப் பிணமாகக் கிடத்தி, மாரடித்து இழுத்துக் கொளுத்த ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன். எதற்கு? நாலு பேர் ‘பலே’ சொல்வதற்கு.

“யாரா இருந்தா இன்னா, மண்ணுதானே? இழுங்க” என்றார் நாட்டாமைக்காரர்.

“உசுரோட இருக்கிறவனுக்கு மாரடிக்கச் சொல்றீங்களாய்யா? கடுதாசி வந்து எட்டு மாசமாச்சு. அந்தப் பொண்ணு தெனமும் தவால்காரன் பின்னாடி ஓடிக்கினு இருக்குது. எங்களால முடியாது” என்றாள் அந்த அம்மாள். நாட்டாமைக்காரரிடம் அப்படி ஒருத்தி எதிர்த்துப் பேசி அந்த ஊர் பார்த்திருக்காது. மற்றவர்கள் நெருக்கமாக வந்து நின்றுகொண்டார்கள். அவர்கள் யாரையோ பின்னால் மறைக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவள் அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அஞ்சலை. ஏழுமலையின் மனைவி. இடுப்பில் ஒரு பெண் குழந்தை, ஒன்றரை வயசுக்கு மேல் இருக்கும்.

பார்த்தாள். அழுவாள், மண்ணை வாரி என்மேல் தூற்றுவாள் என்று நினைத்தேன். தூற்றியிருந்தால் தேவலை. அவள் சும்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அழிச்சிடறேம்மா. இதோ, இப்பவே அழிச்சிடறேன்” என்று நான் உட்கார்ந்தேன்.

“கொஞ்சம் இருங்கய்யா.”

குந்தி உட்கார்ந்தாள். குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி அந்தத் தலைக்கு எதிரே நிறுத்தினாள்.

“பாத்துக்க. இதான் உங்கப்பன்” என்றாள்.

குழந்தை ஒரு விரலை நீட்டி மூக்கைத் தொட்டது. ஈர மண் விரலில் ஒட்டியதும் பயந்துபோய் அம்மாவின் புடவையில் துடைத்தது. பிறகு மறுபடி தொட்டது.

“போதும். அழிச்சிடுங்க” என்று அஞ்சலை எழுந்தாள்.

என் இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பிசைந்தேன். உதட்டோரச் சிரிப்பு கடைசியாகப் போயிற்று.

கன்னியப்பன் ஓடிப்போய் ஓர் ஓட்டைச் சட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தான். சுண்ணாம்பில் இரண்டு வட்டம், கரியில் ஒரு கோடு. ஒரு நிமிஷ வேலை. பறை முழங்கியது. பெண்கள் கயிற்றை எடுத்தார்கள். முதல் மூலையிலேயே கூட்டம் கதறிவிட்டது. அப்பப்பா, அந்த அழுகை! செத்துப்போன பிள்ளைக்கு ஒருத்தி அழுதாள், ஓடிப்போன புருஷனுக்கு ஒருத்தி, காய்ந்த வயிற்றுக்கு ஒருத்தி. அஞ்சலையும் கூடச் சேர்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். சட்டிக்கு யாருடைய முகமும் இல்லை. அதனால் எல்லோரும் அதன்மேல் விழுந்து அழ முடிந்தது. பெங்களூருக்குப் பிழைக்கப் போன அந்த ஆளுக்கு இது தெரிந்திருக்கிறது, சித்திரம் படித்த எனக்குத் தெரியவில்லை. அன்று அந்தச் சட்டியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன்.

மழை வந்ததா என்று கேட்பீர்கள். பத்து நாள் கழித்து ஒரு தூறல் போட்டது. புழுதி அடங்கியது. அவ்வளவுதான்.

அவரு வரட்டும்

அடுத்த வாரம் நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு சேரிக்குப் போனேன். ஜங்ஷனில் பார்த்த கதையை அஞ்சலையிடம் சொன்னேன். சிரித்ததை, மல்லாட்டை கொடுத்ததைச் சொன்னேன். வீட்டுக்கு அனுப்பச் சொன்னான், நான் மறுத்தேன் என்பதைச் சொல்லவில்லை.

அவள் படத்தை வாங்காமல் தள்ளி நின்றே பார்த்தாள்.

“வேணாங்கய்யா. செத்தவங்க படத்தத்தான் செவுத்துல மாட்டுவாங்க. அவரு வரட்டும். வந்தப்புறம் மூணு பேரையும் சேத்து எழுதிக் குடுங்க” என்றாள்.

“சுவரில் மாட்ட வேண்டாம்மா. பெட்டியில் வைத்துக்கொள்.”

“வேணாங்கய்யா.”

திரும்பிக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு அந்தப் படத்தை வைத்திருக்க என்னால் முடியவில்லை. எடுத்துப் பார்த்தால் ஓலைப் படுக்கைதான் கண்ணில் வந்தது. நாலெழுத்துப் படித்தவன், இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பையன்களுக்குச் சொல்கிறவன். ஆனாலும் என் கையால்தான் அவனுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று பயம் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை, என் மனைவி வெந்நீர் போட்டுக்கொண்டிருந்த அடுப்பில் அதைப் போட்டுவிட்டேன்.

“நல்ல படமாச்சே, எதுக்குப் போட்டீங்க?” என்றாள் அவள்.

“பேஜாரு விட்டுது” என்றேன். விடவில்லை.

டிராயிங் பீரியடில்

சண்டை முடிந்தது என்று பத்திரிகையில் வந்தது. பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். அதற்கும் பல மாதங்கள் கழித்து ஒரு நாள், பையன்கள் குடம் வரைந்துகொண்டிருந்தபோது கன்னியப்பன் வாசலில் வந்து நின்றான். அவன் பின்னால் அஞ்சலை. குழந்தை இப்போது கையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“ஐயா, அந்தப் படத்தக் குடுங்க” என்றாள்.

கன்னியப்பன் மெதுவாக, “பட்டாளத்துலேர்ந்து சர்க்கார் காயிதம் வந்துச்சி சார்” என்றான்.

‘அடுப்பில் போட்டுவிட்டேன்’ என்று எந்த வாயால் சொல்வது? “கொஞ்ச நேரம் வராந்தாவில் உட்காரும்மா” என்று சொல்லிவிட்டு, ஒரு தாளை எடுத்து மேஜையில் உட்கார்ந்தேன். மறுபடி வரைந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு தடவை செய்த முகம். கண்ணை மூடினால் தெரிய வேண்டாமா?

தெரியவில்லை. பெட்டி தெரிகிறது, மல்லாட்டைத் தொலி தெரிகிறது, முகம் மட்டும் வரவில்லை. என் கையே பிசைந்து அழித்த மண் தெரிகிறது. அழித்து அழித்து வரைந்தேன். மணி அடித்தது, அடுத்த வகுப்புப் பையன்கள் வந்தார்கள், ஏதோ வரையுங்கள் என்றேன். கடைசியில் ஒரு முகம் வந்தது. மூக்கு பெரிதாக இருந்தது. சிரிப்பும் ஒரு மாதிரி இருந்தது. நல்ல படம்தான், அதிகாரி பார்த்தால் பாராட்டுவார்.

வராந்தாவில் கொண்டுபோய் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள்.

“இது அவரு இல்லியே ஐயா” என்றாள்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் விலாசம் சொல்ல வந்தது, நான் எழுதிக்கொள்ளாதது, ‘ஊட்டுக்கு அனுப்புங்க’ என்றது, படம் அழகாக வந்ததால் நானே வைத்துக்கொண்டது, பிறகு பயந்து எரித்தது. கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். வகுப்புக்குள்ளிருந்து பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“எனக்குக் குடுக்கச் சொன்னாரா?” என்றாள் அவள். அது ஒன்றைத்தான் கேட்டாள்.

“ஆமாம்மா. நீ அழுதுகொண்டே இருந்தாய் என்று சொன்னான்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திட்டுவதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. நான் காத்துக்கொண்டு நின்றேன். அவள் படத்தைத் திருப்பிக் கொடுப்பாள் என்று கையையும் நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

“இருக்கட்டுங்கய்யா. இது அவரு இல்லன்னு எனக்குத்தான் தெரியும். இதுக்குத் தெரியாது” என்று குழந்தையைப் பார்த்துச் சொன்னாள். “இதுக்கு ஒரு அப்பன் மூஞ்சி வேணுமில்ல?”

படத்தை மடிக்காமல், சுருட்டாமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மைதானத்தைத் தாண்டி நடந்தாள். “எனக்குக் காட்டும்மா, எனக்குக் காட்டும்மா” என்று அந்தப் பெண் அவள் பக்கத்தில் எட்டி எட்டிக் குதித்துக்கொண்டே போயிற்று.